கோட்டுக்குக் கீழே வியாழக்கிழமை

ஹார்லன் ப்ரூயிட்டின் வீட்டுக் கொல்லையில் இருக்கும் நீச்சல்குளத்தில், சாம்பல் நிறக் கோட்டுக்குக் கீழே எப்போதும் மார்ச் மாதத்து ஒரு வியாழக்கிழமை மாலை. கோட்டுக்கு மேலே, மேசா நகரத்தில் மற்றவர்களுக்கு என்ன கிழமையோ அதே கிழமை. எங்கள் தெருவில் இப்போது யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. மூலை வீட்டு எலுமிச்சை காய்ப்பதில்லை, மூன்றாம் வீட்டு நாய் தபால்காரரைப் பார்த்து மட்டும் குரைப்பதில்லை, ஹார்லனின் குளத்தில் பாதி வியாழக்கிழமை. அவ்வளவுதான்.

ஹார்லன் குளிர்சாதன எந்திரங்களைப் பழுதுபார்த்தே வயதானவர். அரிசோனா வெயிலில் கூரை கூரையாக ஏறி, அடுத்தவர் வீடுகளைக் குளிரவைத்து, எந்திர இரைச்சலில் காது பாதி மந்தமான பிறகு இறங்கினார். மகள் ஜோலீனுக்கு எட்டு வயதானபோது, அடுத்த கோடைக்குள் கொல்லையில் ஒரு குளம் வெட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த கோடையில் ஊரில் எல்லோருடைய எந்திரமும் பழுதானது. அதற்கடுத்த கோடையிலும் அப்படியே. மகள் வளர்ந்து டுலூத் என்ற பனி ஊரில் பள்ளி ஆசிரியையானாள். மனைவி வேறொருவரை மணந்துகொண்டு ஓரிகன் பக்கம் போனாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், சமையலறையில் ஃப்ரிட்ஜின் உறுமலைத் தவிர அவரோடு பேச எதுவும் மிஞ்சாதபோது, ஹார்லன் குளம் வெட்ட ஆளைக் கூப்பிட்டார்.

வாரம் ஒருமுறை வந்து சுத்தம் செய்யும் ஆட்களை வைத்துக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. ஊர் முழுக்கக் கழற்றி மாட்டியவன் ஒரு தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்றார். கான்கிரீட் காய்வதற்குள் கார் கொட்டகையில் நீளக் கழி, தூரிகை, இலை அள்ளும் வலை, குளோரின் வில்லைகள், அமிலக் கேன் எல்லாம் வரிசையில் நின்றன. தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்தில் கை பழகுவதற்காகக் குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர், பக்கத்து வீட்டு கஸ் அர்ச்சுலேட்டாவின் நாய்க் கிண்ணத்துத் தண்ணீர் என அகப்பட்டதையெல்லாம் கலக்கி நிறம் பார்த்தார்.

"யோவ், என் நாய்க்கு என்ன வியாதின்னு சொல்லிடு" என்றார் கஸ், மதில்மேல் தாடையை வைத்துக்கொண்டு.

"நாய் நல்லாத்தான் இருக்கு. கிண்ணத்தைத்தான் நீ கழுவறதே இல்ல."

குளம் கட்டிய நிறுவனம், வீட்டுக்காரருக்குப் பாடம் எடுக்க மாரிசோல் என்ற பெண்ணை அனுப்பியது. முதல் மாதம் தினம் இரண்டு வேளை சுவரைத் தேய்க்க வேண்டும், புதுப் பூச்சு மாவு உதிர்க்கும் என்று அவள் சொன்னாள். அடியில் குழி விழாமலிருக்க ரப்பர் குழாயின் வாயில் ஒரு பழைய காலுறையை மாட்டச் சொன்னாள். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டு, "நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க சார். விளிம்புல பதிச்ச ஓடு பாதி முழுகற வரைக்கும் ஓடட்டும். நிறுத்தினா அந்த மட்டத்துல கோடு விழுந்துடும். வீடே பத்தி எரிஞ்சாலும் நிறுத்தாதீங்க" என்றாள். ஹார்லன் பள்ளிப் பையனைப் போலத் தலையாட்டினார்.

அந்த மார்ச் வியாழக்கிழமை மாலை, தண்ணீர் இடுப்பு மட்டத்துக்கு வந்த நேரத்தில் ஜோலீன் போனில் கூப்பிட்டாள். அவள் கூப்பிடுவது அபூர்வம். குழாய்ச் சத்தத்தில் மந்தக் காதுக்கு எதுவும் பிடிபடவில்லை. ஹார்லன் போய்க் குழாயை மூடினார்.

"என்னப்பா சத்தம் அங்க?"

"குளத்துக்குத் தண்ணி விடறேன்."

"நிஜமாவா? கடைசில வெட்டிட்டீங்களா?" என்று அவள் சிரித்தாள். "ஸ்கூல் லீவு விட்டதும் வர்றேன்ப்பா. நான்தான் மொதல்ல குதிப்பேன். வேற யாரையும் இறங்க விடாதீங்க. கஸ் மாமா நாயைக்கூட. கண்டிப்பா வர்றேன்."

பிறகு அவள் போனை வைத்துவிட்டாள். இருட்டும்வரை ஹார்லன் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் குளத்தோரத்தில் உட்கார்ந்திருந்ததாகக் கஸ் சொல்கிறார். அதன்பிறகுதான் குழாயின் நினைவு வந்து மறுபடி திறந்தார்.

வாரக் கடைசியில் வந்த மாரிசோல் குளத்தைச் சுற்றி ஓடிய கோட்டைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "சார். நிறுத்துனீங்களா?"

"ஒரு போன் வந்துச்சு."

"வீடே எரிஞ்சாலும் நிறுத்தாதீங்கன்னு சொன்னேனே!"

"வீடு எரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன்மா."

தண்ணீரை இறைத்துவிட்டுப் பூச்சை மறுபடி பூசித் தருவதாக அவள் சொன்னாள். கோட்டுக்குக் கீழே தண்ணீர் வேறு வெளிச்சத்தில் இருப்பதை ஹார்லன் அதற்குள் கவனித்துவிட்டிருந்தார். நண்பகலில்கூட அங்கே அந்தி வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. வேண்டாம், இருக்கட்டும் என்று அவளை அனுப்பிவைத்தார். ஏப்ரலில் பாலோ வெர்டே மரத்தின் மஞ்சள் பூக்கள் தண்ணீரில் விழுந்து, ஊறி, கனத்து இறங்கி, கோட்டு மட்டத்தில் அப்படியே நின்றன. அந்த வியாழக்கிழமை மரம் இன்னும் பூத்திருக்கவில்லை. மேல்சுவர் ஒரு மாதத்தில் மாவு உதிர்ப்பதை நிறுத்தியது. கீழ்ச்சுவருக்கு என்றும் முதல் நாள் என்பதால் அது உதிர்த்துக்கொண்டே இருந்தது. ஆகவே ஒரு மாதத்து வேலை வருடங்களாக நீண்டது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, தோள் வலிக்க வலிக்க அவர் தேய்த்தார்.

பழைய சரக்கில் கிடந்த ஒரு செம்புக் குழாயை ஒருநாள் கோட்டுக்குக் கீழே இறக்கி, மறுமுனையில் காதை வைத்தார். குழாய்க்குள் மகள் சிரித்தாள். வர்றேன்ப்பா என்றாள். அவள் குரல் முடிந்ததும் ஹார்லன் குழாயை எடுத்துத் துடைத்துச் சாய்த்து வைத்தார். அதற்கப்புறம் கேட்க ஒன்றுமில்லை என்பது அவர் எண்ணம்.

அந்தக் கோடையில் ஜோலீனுக்குப் பள்ளியில் கூடுதல் வகுப்புகள் வந்தன. அடுத்த கோடையில் வேறேதோ. மூன்றாவது வருடம், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, எப்போது வருகிறாய் என்று ஹார்லன் கேட்டார். "அப்பா, எனக்கு நாப்பத்திரண்டு வயசாகுது. குளம் நான் எட்டு வயசுல கேட்டது" என்றாள். ஹார்லன் குளோரின் அளவைச் சொன்னார். அதன்பிறகு பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் பேசினார்கள்.

ஜூலைப் புழுதிப்புயல்கள் குளத்தைக் காப்பி நிறமாக்கிவிட்டுப் போகும்போதெல்லாம் அவர் மறுநாளே தெளியவைத்தார். தெருவே வெந்துகொண்டிருந்த நாட்களிலும் அதில் யாரும் இறங்கவில்லை, அவரும் இறங்கவில்லை. கஸ் ஒருநாள் செம்புக் குழாயை வாங்கிக் கேட்டுப் பார்த்தார்.

"வர்றேன்னுதானேய்யா சொல்றா! நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்க?"

"அது வியாழக்கிழமை சொன்னது."

கஸ் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாய்க்குப் பசிக்கும் என்று சொல்லி வீட்டுக்குப் போனார்.

ஜோலீன் வந்தது ஒரு ஜனவரியில். எங்கள் ஊரில் அந்த மாதம் நீச்சல்குளத்தில் விரலைக்கூட யாரும் நனைப்பதில்லை. ஒரே ஒரு பையுடன் வாசலில் நின்று, "அங்க ஒரே பனிப்பா" என்று மட்டும் சொன்னாள். கண்கள் வீங்கியிருந்தன. ஹார்லன் முட்டை பொரித்துக் கொடுத்தார். அவள் சாப்பிட்டு முடித்துக் கொல்லைக்கு வந்து, கழியையும் தூரிகையையும் அவற்றின் கைப்பிடி தேய்ந்திருந்ததையும் பார்த்தாள்.

"யாரும் இறங்கலையா?"

"நீதான் வேணாம்னு சொன்னே."

"அப்பா, அது சும்மா சொன்னதுப்பா!" என்றவள், பிறகு போய் நீச்சல் உடைக்குப் பதிலாக அவருடைய பழைய வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து குதித்தாள். மேல்தண்ணீர் ஜனவரி, பல் கிட்டியது. கோட்டைத் தாண்டியதும் மார்ச், மிதமாக இருந்தது. அங்கே தன் குரலை அவள் கேட்டாள். மூச்சு முட்டி மேலே வந்தாள், மறுபடி போனாள். தன் குரல் போனை வைத்துவிட்ட பிறகும் அங்கே மாலை முடியவில்லை. அணைந்த கைபேசியில் ஒரு மனிதர் பேசிக்கொண்டே இருந்தார். எட்டு வயசுலயே வெட்டியிருக்கணும்மா என்றார். ஒவ்வொரு கோடையிலும் யார் யார் வீட்டுக் கூரையில் இருந்தேன் என்று சொன்னார். நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை, வா என்றார். முழுவதையும் கேட்க அவள் பலமுறை மூச்செடுக்க வேண்டியிருந்தது. ஹார்லன் துண்டோடு கரையில் நின்றார்.

"நான் வெச்சதுக்கப்புறமும் பேசிட்டு இருந்தீங்களா?"

ஹார்லன் துண்டை நீட்டினார். "கொஞ்ச நேரம்."

அவள் ஒரு வாரம் இருந்தாள். கீழ்ச்சுவரைக் காலையில் அவளும் மாலையில் அவரும் தேய்த்தார்கள். பிறகு அவளுக்குப் பள்ளி திறந்தது, போய்விட்டாள். வீட்டில் மறுபடி ஃப்ரிட்ஜ் உறுமியது. ஹார்லன் இப்போதும் தனியாகத்தான் தேய்க்கிறார். செம்புக் குழாய் இப்போது மண்ணில் ஊன்றி நிற்கிறது, அதில் தக்காளிச் செடி படர்ந்திருக்கிறது. வாரத்தில் ஒருநாள் கைபேசி அடிக்கும்.

"கீழ என்ன கிழமைப்பா?"

"வியாழன்தான்."

"மேல?"

"செவ்வாய். காத்து அடிக்குது. நீ பேசு, நான் இலையை அள்ளிக்கிட்டே கேக்கறேன்."