தலைவரின் கோட்டில் ஒன்றேகால் அங்குலம்

தொண்ணூற்றேழாம் வருஷம் ஏப்ரல் ஒன்பதாம் தேதி புதன்கிழமை, காலை பத்தே முக்காலுக்கும் பகல் பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கும் இடையில், ஹெர்ரிங் மீன் ஆலோசனை வாரியத்தின் தலைவர் எல்வுட் தார்ப் அணிந்திருந்த கம்பளிக் கோட்டில் மீன்கள் ஒன்றேகால் அங்குலத் தடிமனுக்கு முட்டையிட்டன. தோள்பட்டையில் கொஞ்சம் கூடுதல், கைமடிப்பில் கொஞ்சம் குறைவு. அதற்கு முந்தைய நான்கு வருஷங்களில் ஸ்லேட் விரிகுடாவில் முட்டை பிடிக்க இறக்கிய எந்த மரக்கிளையிலும் கால் அங்குலம்கூடத் தேறவில்லை. ஆகவே இந்த அளவு ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

அந்த ஏப்ரலில் முட்டை மற்ற யாரையும்விட அகஃபியாவுக்குத்தான் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி; காகம், கழுகு என்று ஊர் இரண்டு குலப் பக்கமாக இருப்பதில் காகப் பக்கத்துப் பெண். அவளுடைய அண்ணன் திமோஃபே முந்தைய அக்டோபரில் மார்வலி வந்து செத்துப்போனான். அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவர் தொடுவது இங்கே வழக்கமில்லை. பெண் கொடுத்து எடுத்த பக்கம்தான் தொட வேண்டும். கழுகுப் பக்கத்தார் வந்து பெட்டி செய்தார்கள், குழி தோண்டினார்கள், நான்கு ராத்திரி கூட உட்கார்ந்தார்கள். வருஷம் திரும்பும்போது காகப் பக்கம் அவர்களை அழைத்து விருந்து வைத்து, ஒவ்வொருவர் உழைப்புக்கும் கை நிறையக் கொடுத்தனுப்ப வேண்டும். அந்த விருந்தில் ஒரு தட்டு தீயில் வைக்கப்படும். அது செத்தவனுக்குப் போய்ச் சேரும். திமோஃபே நாற்பது வருஷம் ஹெம்லாக் மரக்கிளைகளை வெட்டிக் கடலில் இறக்கி, ஹெர்ரிங் முட்டையை ஊருக்கெல்லாம் கொடுத்தவன். அவனுக்குப் போகும் தட்டில் அது இல்லாவிட்டால் தட்டே போகாது. அவன் பசியோடு இருப்பான். அகஃபியாவுக்குத் தூக்கம் போனது இதனால்தான்.

முட்டை இல்லாமல் போனதற்கான காரணம் விரிகுடாவில் ரகசியமில்லை. தார்ப் சமவெளிப் பிரதேசத்துக்காரர். கடலை முதன்முதலில் பார்த்தது முப்பத்தெட்டாம் வயதில். அதன் பிறகு எல்லாம் கணினியில் வந்துவிட்டதால் மறுபடி பார்க்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அவர் மேற்பார்வையில் தயாரான நானூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை, விரிகுடாவில் அறுபத்து மூவாயிரம் டன் ஹெர்ரிங் இருப்பதாகச் சொன்னது. மீன்களுக்கு இது தெரிவிக்கப்படவில்லை. முந்தைய வருஷங்களைப் போலவே அந்த வருஷமும் அறிக்கையை நம்பி ஐம்பது சுருக்குமடி வலைப் படகுகளை உள்ளே விட்டார்கள். மேலே இரண்டு சிறு விமானங்கள் சுற்றிச் சுற்றி மீன் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தன. ஒரு மணி ஐம்பது நிமிஷத்தில் வேலை முடிந்தது. வயிற்றைக் கீறி எடுத்த சினை கடல் தாண்டிப் போயிற்று, மிச்ச மீன் அரைபட்டுக் கோழித்தீவனமாயிற்று. மறுநாளிலிருந்து அகஃபியா மூன்று தடவை கிளை இறக்கினாள். மூன்று தடவையும் கிளை குளித்துவிட்டு வந்ததுபோலச் சுத்தமாக வந்தது.

மூன்றாம் தடவை துறைமேடையில் நின்றிருந்தவன் அவளுடைய கொழுந்தன் சைலஸ். கழுகுப் பக்கம். திமோஃபேயின் குழியைத் தோண்டியவர்களில் ஒருவன். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கேலி கட்டாயம் என்பதால் அவனும் தன் கடமையைச் செய்தான்.

"அண்ணி, இந்தக் கிளையத்தான் விருந்துல வெக்கப் போறீங்களா? நாங்க என்ன மானா, இலையக் கடிச்சுட்டுப் போக?"

"குழி தோண்டுறோம்னு வந்து பாதி நேரம் மண்வெட்டியப் புடிச்சுக்கிட்டு கத பேசினவங்கதானே நீங்க. அதுக்கு இலையே ஜாஸ்தி."

சைலஸ் சிரிக்கவில்லை. கிளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, புதன்கிழமை வாரியம் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வருவதாகவும், இதை அப்படியே கொண்டுபோய்த் தலைவர் மேஜையில் வைக்கலாமென்றும் சொன்னான்.

கூட்டம் நடந்தது பழைய டப்பா மீன் ஆலையில். தூண்கள்மேல், கடலுக்கு மேலேயே நிற்கும் கட்டடம் அது. பலகைத் தரையின் இடுக்கு வழியாகப் பார்த்தால் தண்ணீர் தெரியும். கூட்ட விதிகளை நான்கு பக்கத்தில் தார்ப்பே எழுதியிருந்தார். ஒருவருக்கு மூன்று நிமிஷம். பச்சை விளக்கு எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் சுருக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் எழுந்துவிட வேண்டும். ஒருவருடைய மூன்று நிமிஷத்தில் தலைவர் உட்பட எவரும் குறுக்கே பேசக் கூடாது, இருக்கையை விட்டு எழவும் கூடாது. மக்களின் குரலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எந்த நாட்டிலும் இல்லையென்று அவர் தொடக்க உரையில் நாற்பது நிமிஷம் சொன்னார். அன்று படகுக்காரர்கள், விமானம் ஓட்டுபவர்கள் எல்லோருமே தங்கள் தரப்பைச் சொல்ல வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் விரிகுடாவில் ஒரு எஞ்சின்கூட ஓடவில்லை. அந்த மாதத்தில் அப்படி ஒரு நாள் அதுதான் முதல். இதை யாரும் திட்டமிடவில்லை.

பட்டியலில் முதல் பெயர் அகஃபியா. வெறும் கிளையைத் தலைவருக்கு முன்னால் வைத்தாள். எழுத்தர் அம்மாள் அதில் 'ஆவணம் எண் ஒன்று' என்று சீட்டுக் கட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"எங்க அண்ணனுக்கு வருஷ விருந்து வருது," என்று ஆரம்பித்தாள் அகஃபியா. அதோடு நிறுத்திவிட்டாள்.

தரைக்கு அடியில் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. மழை கீழேயிருந்து மேலே பெய்வதுபோல, பட்பட்டென்று. ஹெர்ரிங் கரைக்கு வரும்போது இந்த ஊரில் யாரும் பேசமாட்டார்கள். துடுப்பைப் படகில் தட்டமாட்டார்கள், கதவைச் சாத்தமாட்டார்கள், வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தால் பாதியில் விட்டுவிட்டுச் சாயங்காலம் தொடர்வார்கள். அகஃபியா பழக்கத்தில் வாயை மூடினாள். மூன்று நிமிஷம் மைக்கின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்து, சிவப்பு எரிந்ததும் எழுந்து போனாள். அடுத்து வந்த சைலஸும் அப்படியே. பட்டியலில் ஊர்க்காரர்கள் நாற்பத்திரண்டு பேர். நாற்பத்திரண்டு பேரும் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசாமல் இருந்தார்கள். இதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்ட தார்ப், அதைக் கண்டுகொள்ளாத முகத்தை வைத்துக்கொண்டார். எழுத்தர் ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் 'கருத்து இல்லை' என்று எழுதினாள்.

ஐந்தாவது ஆள் உட்கார்ந்திருக்கும்போது பலகை இடுக்குகளிலிருந்து பனிமூட்டம் எழுந்தது. கணுக்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, பிறகு கூரை வரைக்கும் போயிற்று. அதனுள் ஹெர்ரிங் நீந்தி வந்தன. முதலில் பத்துப் பதினைந்து, வழி பார்க்க வந்தவைபோல. பிறகு கணக்கில்லை. பெண் மீன்கள் விளக்கிலும் திரைச்சீலையிலும் கொடியிலும் உரசி உரசி முட்டை வைத்தன, ஆண் மீன்கள் பின்னாலேயே வந்து அறையை மோர்போல வெளுக்க வைத்தன. அகஃபியாவின் கிளை பதினைந்து நிமிஷத்தில் நிறைந்துவிட்டது. மற்றபடி அறையில் ஆடாமல் அசையாமல் இருந்தவற்றில் பெரியது தலைவர்தான். அவர் எழுந்திருக்க முடியாது, பேசவும் முடியாது. எப்போதும் யாராவது ஒருவருடைய மூன்று நிமிஷம் நடந்துகொண்டிருந்தது. மீன்கள் அவருடைய காலரில் ஆரம்பித்து முறையாகக் கீழே இறங்கின. பின்வரிசையில் படகுக்காரர்களின் விரல்கள் தாமாக மடங்கி விரிந்தன. ஆனால் பனிமூட்டத்தில் மடி வலை போட இதுவரை யாரும் வழி கண்டுபிடித்ததில்லை.

நாற்பத்திரண்டாவது சிவப்பு எரிந்ததும் தார்ப் சுத்தியலைத் தட்டி, கூட்டம் உணவு இடைவேளைக்குக் கலைகிறது என்றார். அந்தச் சத்தத்துக்கு மீன்கள் ஒரே வீச்சில் தரை இடுக்கு வழியாகப் போய்விட்டன, பனியும் கூடவே போயிற்று. முட்டை மட்டும் நின்றது. எழுத்தர் பட்டியல் தாளை எடுத்து, எல்லாவற்றுக்கும் கீழே 'மீன் வந்தது' என்று ஒரு வரி சேர்த்தாள்.

அறையில் உள்ள முட்டை முழுவதும் ஆய்வு முடியும்வரை அரசாங்கச் சொத்து என்று தார்ப் உட்கார்ந்தபடியே அறிவித்தார். முட்டை எடுக்கும் அனுமதிப் படிவத்தில் விரிகுடாக்களின் பெயர்கள்தான் இருந்தன, கூட்ட அரங்கத்துக்குக் கட்டமில்லை.

"சரிங்க சார்," என்றாள் அகஃபியா. "அரசாங்கத்துச் சொத்த அரசாங்கமே தூக்கிக்கட்டும்."

தார்ப் எழ முயன்றார். முட்டையோடு கோட்டு ஐம்பத்தெட்டு பவுண்டு இருந்தது. இரண்டாம் முயற்சியில் நாற்காலியும் கூடவே வந்தது. சைலஸும் இன்னும் மூன்று பேரும் போய் அவரைக் கோட்டிலிருந்து உருவி வெளியே எடுத்தார்கள். திமோஃபேயின் பெட்டியைத் தூக்கிய அதே நான்கு பேர்தான், வேலை தெரிந்தவர்கள். சட்டையோடு நின்ற தலைவர், தன் மேல் வைத்த முட்டையில் தனக்கு ஒரு பாத்தியதை உண்டல்லவா என்று கொஞ்சம் இறங்கிய குரலில் கேட்டார். சைலஸ் அவருக்கு வழக்கத்தை எடுத்துச் சொன்னான்.

"கிளைக்குப் பங்கு கிடையாதுங்க சார்."

மொத்தம் முப்பத்தோரு பெட்டி தேறியது. முட்டையை இங்கே விற்பதில்லை. பத்தொன்பது பெட்டி அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் படகில் போயிற்று. விருந்துக்கென்று பன்னிரண்டு பெட்டியும் கோட்டும் பள்ளிக்கூடத்துக் குளிர்பெட்டியில் அக்டோபர்வரை இருந்தன.

கோட்டைத் திருப்பிக் கேட்டுத் தார்ப் ஐந்து கடிதம் எழுதினார். வருஷ விருந்தன்று வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று அகஃபியா ஒரு கடிதம் எழுதினாள். அவர் வந்தார். திமோஃபேயின் காரியத்துக்கு உழைத்தவர் என்ற வகையில் கழுகுப் பக்கத்து வரிசையில் நான்காவது இடம் கொடுத்தார்கள். முட்டையை வெந்நீரில் காட்டி எடுத்து, கடல்நாய் எண்ணெய் விட்டுப் பரிமாறினார்கள். முதல் தட்டைத் தீயில் வைத்ததும் முட்டைகள் ஒவ்வொன்றாக வெடித்து, பிறகு எல்லாம் சேர்ந்து படபடத்து, தட்டு காலியாயிற்று. அகஃபியா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசிச் சத்தம் அடங்கிய பிறகுதான், ஒரு வருஷத்தில் முதன்முறையாக, வயிறு நிறையச் சாப்பிட உட்கார்ந்தாள்.

எதிரே மென்றுகொண்டிருந்த சைலஸ் சற்று நிறுத்தினான். "அண்ணி, இதுல லேசா அந்துருண்டை வாசம் வருதே."

"தோள்பட்டைப் பாகம் அது. தலைவர் பாகமாச்சேன்னு உனக்குன்னே எடுத்து வெச்சேன்."

தார்ப்புக்குத் துவைத்துத் தேய்த்த கோட்டும் ஒரு கம்பளியும் இரண்டு புட்டி புளிப்புப் பழமும் கூலியாகக் கொடுக்கப்பட்டன. நன்றி சொல்ல ஏழு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதைப் படிக்கவில்லை.

மறு வருஷம் அறிக்கையில் ஆலை அரங்கம் முட்டையிடும் பரப்பாகச் சேர்க்கப்பட்டது, நீளம் மைலில் நூற்றில் இரண்டு பங்கு. கூட்ட நாட்களில் விரிகுடாவில் எஞ்சின் ஓட்டத் தடை வந்தது. கருத்துச் சொல்ல நூற்றுப் பத்துப் பேர் பெயர் கொடுத்ததால் கூட்டம் இரண்டு நாளாயிற்று, இப்போது ஏழு நாள் நடக்கிறது. முடிவதற்குள் படகுக்காரர்கள் பாதிப் பேர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். தார்ப் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. ஆனாலும் ஏப்ரல் பிறந்ததும் அதே கோட்டோடு வந்து முன்வரிசையில் இடம் பிடித்துவிடுகிறார். பேச்சு இல்லை. கைகளை மட்டும் உடம்பிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்துக்கொள்கிறார். அப்படி வைத்தால்தான் அக்குளிலும் பிடிக்கும் என்று அகஃபியா சொல்லியிருக்கிறாள்.