பட்டியலில் இல்லாத சாமி

வேட்புமனு பரிசீலனையில் வெயிலம்மாளைக் கவிழ்க்க நந்தகோபாலுக்கு ஒரே ஒரு ஜெராக்ஸ் தாள் போதுமாக இருந்தது. அவள் ஞானஸ்நானம் பெற்ற சர்ச் பதிவேட்டின் நகல். மகள் மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்தெழுந்த வருஷம் பெற்றது அது. எட்டயபுரம் பக்கத்து அந்தக் கரிசல் ஊரில் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கிறிஸ்தவர் ஆனவருக்கு அந்தச் சாதி கிடையாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

"ஏட்டி, ஏசு காப்பாத்துவாரு, போ!" என்றார் பருத்தி வியாபாரி நந்தகோபால். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

போட்டியில்லாமல் ஜெயித்தவன் அவருடைய கிட்டங்கியில் மூட்டை தூக்கும் செல்வமாரி. வருஷம் தவறாமல் வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போடுகிறவன். எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாத புத்திசாலி. தலைவர் நாற்காலியில் நந்தகோபால் உட்காருவார். செல்வமாரி நின்றுகொண்டே கையெழுத்துப் போடுவான். வெயிலம்மாள் தெருவுக்கு மட்டும் தண்ணீர்க் குழாய் வரவில்லை.

விலை ஏறட்டும் என்று பருத்தியை இருப்பு வைப்பதுபோல் அந்தச் சிரிப்பை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். ஒருநாள் தாலுகா ஆபீஸ் கிளார்க் ராஜமணி முன்னால் போய் நின்றாள்.

"சர்ச்சுக்குப் போனா சாதி போயிரும்னு சொல்லுதீங்க. அப்ப டீக்கடையில எனக்கு மட்டும் எதுக்கு சார் பேப்பர் கப்பு?"

"அது கடைக்காரன்ட்ட கேக்கணும்மா. சட்டத்துல இந்து, சீக்கியர், பௌத்தர், இந்த மூணுக்குத்தான் உண்டு."

"எல்லா மதமும் ஒண்ணுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சுக் குடுக்காவளே?"

"ஒண்ணுதாம்மா. இந்த மூணும் கொஞ்சம் ஜாஸ்தி ஒண்ணு."

"பழையபடி இந்துவா வந்தா நந்தகோபால் மொதலாளி ஜெயிச்ச மாதிரி ஆயிரும். சீக்கியருக்குத் தலைப்பா கட்டணும், இந்த வெயிலுக்கு ஆகாது. புத்தருக்கு என்ன செய்யணும்?"

மதுரைக்குப் போய் உறுதிமொழி எடுத்தாள். மதம் மாறியதைக் கெஜட்டில் போட்டு, இரண்டு வருஷம் அலைந்து சான்றிதழ் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி அடித்தால் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். அரைக்க ஒன்றும் இருக்காது.

அடுத்த தேர்தல் பரிசீலனைக்கு நந்தகோபால் அதே ஜெராக்ஸோடு, செல்வமாரியையும் கூட்டிக்கொண்டு வந்தார். தேர்தல் அதிகாரி சான்றிதழை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"பௌத்தர். செல்லும்," என்றார்.

நந்தகோபால் முகம் கறுத்தது. "ஏட்டி, பிள்ளையக் காப்பாத்துன ஏசுவ நெசமாவே விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

"நாற்காலிக்காகவா?"

"நாற்காலி என்ன, பிளாஸ்டிக்குதான. ஏசப்பாவையே விட்டுட்டு வந்திருக்கேன், ஒங்கள விட்டுருவேனா அண்ணாச்சி?"

அதுவரை அவள் அவரை மொதலாளி என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

முதலில் சிரித்தவன் செல்வமாரி. சிரித்த பிறகுதான் யார் பக்கத்தில் நிற்கிறோம் என்று பார்த்தான்.