யார் சொன்னது

"காந்தத்துக்குப் போகிறோம்" என்றுதான் நாங்கள் சொல்லிக்கொள்வது. ஆஸ்பத்திரியில் தம்பியின் தலையில், இடது காதுக்குச் சற்று மேலே, டெக்னீஷியன் ஒரு காந்த வளையத்தைச் சாய்த்து வைப்பார். அது மரங்கொத்தி மாதிரி டக் டக்கென்று கொத்தும். வலிக்கவில்லை என்கிறான் தம்பி. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் மண்டை இடிக்கிறது. இது முடிந்ததும் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு ஓடி, நாள் முழுக்கக் கல்லாவில் நிற்க வேண்டும்.

காந்தம் முடிந்த கையோடு பயிற்சி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். சில சொற்களை அவன் வாய்விட்டுப் படிப்பான், சிலவற்றைக் கம்ப்யூட்டரில் ஒரு பெண் சொல்வாள். பிறகு அதே சொற்கள் திரையில் வரும். யார் சொன்னது, நானா, அவளா? அதற்கான பட்டனை அமுக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு. தலைக்குள் பேசுவது யாரென்று தெரியாமல் இத்தனை வருடம் அல்லாடியவனுக்கு அப்படியில்லை. ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் "அவள்" என்றே அமுக்கிக்கொண்டிருந்தான். இப்போது பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறான்.

இன்று டாக்டர் பார்க்கும் நாள். குரல்கள் அடங்காவிட்டால் பழைய ஊசிக்கே திரும்ப வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். அந்த ஊசி போட்டால் தம்பி எச்சில் ஒழுகத் தூங்குவான், எழுந்து சுவரைப் பார்ப்பான், மறுபடி தூங்குவான். போன தடவை ஒரு வருடத்தை அது முழுசாகத் தின்றுவிட்டது. இன்னொரு முறை அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"குரல் எல்லாம் எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"போயிடுச்சு. திட்டறவன், சிரிக்கறவன், எல்லாரும் போயிட்டாங்க." தம்பி யோசித்தான். "ஒண்ணே ஒண்ணுதான் போகல. பொம்பளை குரல். பாத்ரூம்ல குழாய் ஓடறப்ப வரும்."

"என்ன சொல்லும்?"

"'என்னால முடியல. இவனை எங்கயாவது சேர்த்து விட்டுடு, உனக்குப் புண்ணியமாப் போகும்'னு சொல்லும்."

டாக்டர் ஊசிக்கு எழுத ஆரம்பித்தார். குழாயைத் திறந்துவிட்டால் வெளியே கேட்காது என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்ல! வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும். அவனுக்கு இன்னொரு வருடம் போய்விடும்.

"எழுதாதீங்க டாக்டர்," என்றேன். "அது குரல் இல்ல. நான்தான். போன்ல பேசினேன்."

தம்பியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. அழுவான் என்று நினைத்தேன். அவனோ மேஜையைத் தட்டினான்.

"அப்ப நெஜமாவே கேட்டுச்சா? நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்!"

அவன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்து எத்தனையோ காலமாகிறது. டாக்டர் எழுதியதைக் குறுக்கே அடித்தார்.

படியிறங்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. அப்படியே நின்றுவிட்டான்.

"யார்கிட்டக்கா பேசினே?"

"அண்ணன்கிட்ட."

"என்ன சொன்னாரு?"

"போனை வெச்சுட்டாரு."

அவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பின்னால் இறங்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"அடுத்த தடவை குழாயைத் திறக்காதக்கா," என்றான். "என் முன்னாடியே பேசு. யார் பேசறாங்கன்னு எனக்குத் தெரியணும்."

"சரிடா," என்றேன்.