கம்பளிச் செருப்பு

அக்கா பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் தரையில்தான் படுக்கிறேன். என் கட்டில் அவளுக்குப் போய்விட்டது. அதனால் அவள் குடித்தனம் சீராக வேண்டும் என்று உலகத்திலேயே அதிகம் கவலைப்பட்டவள் நான்தான்.

சண்டைக்குக் காரணம் அத்தானின் நடை. காலில் சக்கரம் கட்டியதுபோல மனிதர் எங்கேயும் முன்னால் போய்விடுவார். கல்யாணமானதிலிருந்து அக்கா அதிகம் பார்த்தது அவர் முதுகைத்தான். போன மாதம் ரயிலில் ஏறி உட்கார்ந்து, வண்டி நகர்ந்த பிறகுதான் பெண்டாட்டி பிளாட்பாரத்தில் நிற்பதைக் கவனித்திருக்கிறார். அக்கா அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இருவரையும் சந்திக்க வைக்க நான் தேர்ந்தெடுத்த இடம் பழைய அரண்மனை. இப்போது அது ஓவியக் காட்சியகம். கத்தினால் அறைக்கு அறை உட்கார்ந்திருக்கும் காவலாளிகள் முறைப்பார்கள். அந்தத் தைரியம்தான் எனக்கு.

"பாத்துட்டு வெளிய வந்ததும் என் முடிவச் சொல்லிடுவேன். நடுவுல நீ மூக்க நுழைக்காத" என்றாள் அக்கா.

அத்தானும் வந்து சேர்ந்ததும், வாசலில் ஆளுக்கொரு ஜோடி கம்பளிச் செருப்பு கொடுத்தார்கள். மரத்தரையில் கீறல் விழாமலிருக்க, நம் செருப்புக்கு மேலேயே மாட்டிக்கொள்ள வேண்டுமாம். யானைக்குத் தைத்த அளவு.

"காலத் தூக்காதீங்க, தேச்சுக்கிட்டே போங்க" என்றாள் காவல்காரம்மா.

அத்தான் காதில் வாங்கவில்லை. வழக்கம்போல எட்டி வைத்தார். ஒரு செருப்பு பின்னால் தங்கிவிட்டது. திரும்பி வந்து மாட்டினார். மறுபடி எட்டி வைத்தார், மற்றது கழன்றது. அதற்குள் அக்கா நிதானமாகத் தேய்த்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டாள். நான் துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

நடன மண்டபத்தில் சுவரளவு ஓவியம். ராஜா முன்னால் நின்றார், ராணி நாலடி பின்னால்.

"இங்கயும் அதே கதைதான்" என்றாள் அக்கா.

"அப்படியில்ல, நான் சொல்றதக் கேளு" என்று வாசலிலிருந்து வேகமாக வந்த அத்தான், பளபளத்த தரையில் வழுக்கினார். கைகளை விரித்தபடி அக்காவையும் தாண்டிச் சறுக்கி, ராஜாவின் காலடியில் தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அசைந்தால் விழுவார். அக்கா திரும்பி நடந்தாள்.

"போயிடாத. நீ பாட்டுக்குப் போயிட்டா நான் எப்படி வர்றது?"

அக்கா நின்றாள். "பிளாட்பாரத்துல எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

அத்தானின் முகம் தொங்கிவிட்டது. "தப்புதான்" என்றார் மெதுவாக.

அக்கா கையை நீட்டினாள். "வாசல் வரைக்கும்தான்."

மிச்ச அறைகளை இருவரும் தேய்த்துத் தேய்த்தே பார்த்தார்கள். அவள் நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்றார். வேறு வழி? என்னை யாரும் தேடவில்லை, சந்தோஷமாகப் பின்தங்கினேன்.

வாசல் வந்தது. செருப்பைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். அக்கா கையை விடுகிறாளா என்று பார்த்தேன். அத்தானோ கழற்றாமலே தெருவில் இறங்கிவிட்டார்.

"சார், செருப்பு!" என்று காவல்காரம்மா ஓடி வந்தாள்.

"இத விலைக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அக்காதான் சிரித்துவிட்டாள். "கழட்டிக் குடுங்க. நான்தான் கையப் பிடிச்சிருக்கேன்ல?"

வாசலைத் தாண்டிப் பத்தடி வந்திருந்தோம். அவள் கையை விடவில்லை. நான் இருவரையும் விட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். வீட்டுக்குப் போய் அவள் பெட்டியைக் கட்ட வேண்டும்.