கேப்டன் ஆடாத ஆட்டம்

நாட்டின் மகளிர் கால்பந்து அணிக் கேப்டனை வீட்டிலும் மைதானத்திலும் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தும் நீளம், காலும் நீளம். அதைவிட அவள் நிற்கும் விதம். எதிரணியின் கோல் கம்பத்துக்கு முன்னால், ஆட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதது போல ஒதுங்கி நிற்பாள். பந்து உயரத்தில் வந்ததும் ஒரே கொத்து. அவள் போட்ட கோல்களில் பாதிக்கு மேல் தலையால் போட்டவை. பள்ளிக்கூட அணியில் யாரோ கிண்டலாக வைத்த பெயர், பத்தொன்பது வயதில் அவள் தேசிய அணிக்குள் நுழைந்தபோது கூடவே நுழைந்தது. கேப்டன் ஆனபோது பத்திரிகைக்காரர்கள் அதையே கொட்டை எழுத்தில் போட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பெற்று, வளர்த்து, யோசித்து ஒரு பெயர் வைத்தேன், அதைச் சொல்லிக் கூப்பிட ஒரு நாதி இல்லை என்பாள்.

அதே அணியின் கோல்கீப்பர் கொக்குவுக்கு அண்ணி. அண்ணன் லாரிப் பட்டறை வைத்திருப்பவன். தங்கையை மைதானத்தில் கொண்டுவிடப் போய்ப் போய், கடைசியில் கோல்கீப்பரைக் கட்டிக்கொண்டு வந்தான். கல்யாணத்துக்கு முன் கொக்குவும் அவளும் நீ, வா, போ என்று பேசிப் பழகியவர்கள். கல்யாணமானதும் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், இனிமேல் அண்ணி, நீங்க, வாங்க என்று. வீட்டில் கொக்கு அதற்குக் கட்டுப்பட்டாள். மைதானத்தில் முடியவில்லை. "'அண்ணி, கொஞ்சம் முன்னால வாங்க'ன்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கோல் விழுந்துடும்மா" என்றாள். அம்மா யோசித்துப் பார்த்து, வாசற்படிக்கு அந்தப் பக்கம் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாள்.

கீழே அண்ணனும் அண்ணியும், மேலே அம்மாவும் கொக்குவும். தேசிய அணியில் ஒன்றாக ஆடினாலும் லீக் போட்டிகளில் இருவரும் வேறு வேறு கிளப். இரண்டு கிளப்பும் மோதும் வாரம் அண்ணன் சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறக்க மாட்டான். எந்தப் பக்கம் பேசினாலும் மாட்டிக்கொள்வது அவன்தான்.

அடிபட்டது அப்படி ஒரு லீக் ஆட்டத்தில். வலது ஓரத்திலிருந்து பந்து உயரமாக வந்தது. கொக்கு எழும்பினாள். அண்ணியும் எழும்பி, பந்தைக் கை முஷ்டியால் குத்தினாள். குத்து பாதி பந்தின் மேலும் பாதி கொக்குவின் நெற்றிப் பொட்டிலும் விழுந்தது. கொக்கு கீழே விழுந்து சற்று நேரம் அசையாமல் கிடந்தாள். கிளப்பின் பிசியோ ஓடிவந்து விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டாள். கொக்கு சரியாகச் சொன்னாள். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு எழுந்து தொடர்ந்து ஆடினாள். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலும் போட்டாள், அதுவும் தலையால்தான். காரில் வீடு திரும்பும்போது அண்ணி மன்னிப்புக் கேட்டபடியே வந்தாள். குத்து வாங்கிய நானே சும்மா இருக்கிறேன், கோல் வாங்கியதற்கு வேண்டுமானால் அழுங்கள் என்று கொக்கு சிரித்தாள்.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. சமையலறை டியூப்லைட் கண்ணைக் குத்துகிறது என்று இருட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே போய்விடுவாள். பந்து பந்து என்று அலைந்தால் புத்தி எப்படி வீட்டில் இருக்கும் என்று அம்மா முணுமுணுத்தாள். அண்ணி மட்டும் கவனித்துக்கொண்டிருந்தாள். கொக்கு மாடிப்படி இறங்கும்போது சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினாள். ஒரு நாள் காலையில், அண்ணி வாங்கிய புதுக் கையுறைகளைப் போட்டுப் பார்த்து, பிடிமானம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே போனவள், டீ குடிக்க இறங்கி வந்து, புதுக் கையுறை வந்துவிட்டதா என்று கேட்டாள்.

அண்ணி கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேட்டாள். தலைவலி இருப்பதைக் கொக்கு ஒப்புக்கொண்டாள். ஆனால் யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். அடுத்து வருவது உலகக் கோப்பைக்கான கடைசித் தகுதி ஆட்டம். ஜெயித்தால் அந்த நாட்டுப் பெண்கள் அணி முதல் தடவையாக உலகக் கோப்பைக்குப் போகும்.

"இந்த ஒரு மேட்ச் முடியட்டும் அண்ணி. அப்புறம் நீங்க எந்த டாக்டர்கிட்ட கூப்பிட்டாலும் வர்றேன்."

அண்ணி வாக்குக் கொடுத்தாள். அவளுக்கும் உலகக் கோப்பைக்குப் போக வேண்டும் என்ற ஆசை இருந்தது. கொக்கு இல்லாமல் போக முடியாது என்பதும் தெரிந்திருந்தது.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சியில் கார்னர் பந்துகளைப் பழகினார்கள். முதல் பந்தையே கொக்கு தலையால் தட்டி வலைக்குள் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் திரும்பி ஓடி, எதிரணியாக நின்றவர்களின் வரிசையில் போய் நின்றுகொண்டாள். விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று நினைத்து பயிற்சியாளர்கூடச் சிரித்தார். பயிற்சி முடிந்து உடைமாற்றும் அறையில், பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கொக்கு குரலைத் தாழ்த்தி அண்ணியிடம் கேட்டாள்.

"நாளைக்கு நமக்கு யார்கூட மேட்ச்?"

கிண்டல் என்று நினைத்து அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. ஏதோ கடைக்குப் போய் என்ன வாங்க வந்தோம் என்று மறந்தவள் போல இருந்தது அந்த முகம். அண்ணி ஷூ போடாமல், காலுறையோடு அணி மருத்துவரின் அறைக்குப் போனாள்.

மருத்துவர் கொக்குவை உட்காரவைத்து, சாவி, குடை, ரயில், எலுமிச்சை, கண்ணாடி என்று ஐந்து சொற்களைச் சொன்னார். கொஞ்ச நேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சாவி மட்டும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். கொக்குவால் நிற்க முடியவில்லை. நாளைக்கு இவரால் ஆட முடியாது என்று அவர் பயிற்சியாளரிடம் சொன்னார். பயிற்சியாளர், பாதி ஆட்டமாவது என்று கெஞ்சிப் பார்த்தார். பாதித் தலை என்று ஒன்று இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

விடுதியில் கொக்குவும் அண்ணியும் ஒரே அறை. கொக்கு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"யார் சொன்னது?"

"நான்தான்."

"வாக்கு கொடுத்தீங்க."

"கொடுத்தேன்."

"பதிமூணு வருஷம் இந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் ஓடினேன். அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பண்ணியிருக்கீங்க."

அன்று சாயங்காலமே கொக்குவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேப்டன் பொறுப்பைப் பயிற்சியாளர் அண்ணியிடம் கொடுத்தார். வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அவள் மறுத்தாள். முழு மைதானத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பவள் நீதான், இப்போது இதைப் பேச நேரமில்லை என்று அவர் கேப்டன் பட்டையை அவள் கையில் மாட்டிவிட்டுப் போனார்.

ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அண்ணி நிச்சயமாக உள்ளே போக வேண்டிய மூன்று பந்துகளைத் தடுத்தாள். அதை யாரும் பேசவில்லை. கடைசி நிமிடத்துக் கார்னர் ஒன்றைத்தான் பேசினார்கள். பந்து கோல் கம்பத்துக்கு முன்னால், கொக்கு வழக்கமாக எழும்பும் உயரத்தில், யாருமே இல்லாத இடத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய் விழுந்தது. கொக்கு இருந்திருந்தால் என்று தொலைக்காட்சியில் வர்ணனையாளர் சொன்னார். வீட்டில் அம்மா திரைச்சீலையை இழுத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள். கொக்கு அந்தப் பந்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? நாத்தனாரை இறக்கிவிட்டு நாற்காலியில் ஏறிக்கொண்டாள் என்றார்கள். உடம்பை விசாரிக்க வந்த சித்தி அதையே கொஞ்சம் நாசூக்காகச் சொன்னாள். அம்மா அவளிடம், டீ ஆறுகிறது, குடித்துவிட்டுக் கிளம்பு என்றாள். ஆனால் சித்தி போட்டுவிட்டுப் போன முள் கொக்குவின் மனசில் தங்கிவிட்டது.

மூளை மருத்துவர் ஸ்கேன் படங்களை வைத்து விளக்கினார். இது ஒரே ஒரு அடியால் வந்தது இல்லை, பல வருடத்து அடிகள். பந்து, முழங்கை, கம்பம், எல்லாம் சேர்ந்தது. இன்னொரு பலத்த அடி விழுந்தால் எழுந்திருப்பீர்களா என்று என்னால் சொல்ல முடியாது, ஆட்டத்தை இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். கொக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அண்ணி செய்தது சரி என்று அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கோபம் போகவில்லை.

மாதக்கணக்கில் இருவரும் பேசவில்லை. அண்ணி கீழே சமைத்ததை அண்ணன் மேலே கொண்டுவருவான், மேலேயிருந்து பாத்திரத்தைக் கீழே கொண்டுபோவான், சாப்பாடு எப்படி இருந்தது என்ற கேள்விக்குப் பதிலையும் சேர்த்து. நான் பட்டறையில் வேலை பார்க்கிறேனா, தபால் ஆபீஸிலா என்று அம்மாவிடம் புலம்பினான். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் அண்ணி தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போவாள். அந்தக் குனிவைக் கொக்கு குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவே எடுத்துக்கொண்டாள். என்றைக்காவது மன்னிப்புக் கேட்டு வருவாள், அப்போது என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

ஒரு முற்பகலில், அம்மா வெளியே போயிருந்த நேரம், கொக்கு தனியாக இறங்கும்போது தலை சுற்றி, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மொட்டைமாடியில் துணி காயப்போட வாளியோடு ஏறி வந்த அண்ணி பார்த்தாள்.

"தலை சுத்துதா?"

"கொஞ்சம்."

அண்ணி வாளியை வைத்துவிட்டு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் கொக்கு. ஈரத் துணியிலிருந்து தண்ணீர் படியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாத்துக்கும் என் கைதான் காரணம்" என்றாள் அண்ணி. "அன்னைக்கு அந்தப் பந்தைக் குத்தாம பிடிச்சிருக்கலாம். பிடிச்சிருக்க முடியும். தினமும் அதேதான் மனசுல ஓடுது. உன் முகத்தைப் பார்க்கவே முடியல."

கொக்குவுக்கு முதலில் எந்தப் பந்து என்றே புரியவில்லை. புரிந்ததும் வியப்பாக இருந்தது.

"அதுவா? அது பந்துக்கு வந்த கை. நானா இருந்தாலும் குத்தியிருப்பேன். அதுக்காகவா இத்தனை நாளா தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போறீங்க?"

"வேற எதுக்கு?"

"டாக்டர்கிட்ட போய்ச் சொன்னதுக்கு."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கு நான் வருத்தப்படல. உனக்கு வாக்கு கொடுத்தேன் பாரு, அதுதான் தப்பு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். நாளைக்கு மறுபடியும் இப்படி நடந்தாலும் சொல்லுவேன். நீ என்கூட பேசினாலும் சரி, பேசாட்டியும் சரி."

கொக்கு படியில் சொட்டிய தண்ணீரைக் காலால் தேய்த்தாள். பிறகு கேட்டாள்.

"கேப்டன் ஆகணும்னு ஆசை இருந்துச்சா?"

"இருந்துச்சு. யாருக்குத்தான் இருக்காது? ஆனா அந்த மாதிரி இல்ல."

தான் கோபித்துக்கொள்ளாத ஒன்றுக்கு மன்னிப்பு வந்திருக்கிறது, கோபித்துக்கொண்டதற்கு வரவே போவதில்லை என்பது கொக்குவுக்கு மெல்ல உறைத்தது. திருப்பி அனுப்ப யோசித்து வைத்திருந்த சொற்களுக்கு இப்போது வேலையில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தலை இன்னும் வலிக்க, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணி பயந்துபோய் எழுந்து அவள் தோளைப் பிடித்தாள். அப்படியே தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு போய்க் கீழ் வீட்டில் படுக்கவைத்தாள். வாளி மத்தியானம் வரை படியிலேயே கிடந்தது. பட்டறையிலிருந்து சாப்பிட வந்த அண்ணன் அதில் இடித்துக்கொண்டு, உள்ளே கேட்ட இரண்டு பேருடைய குரலையும் நம்பாமல் வாசலிலேயே நின்றான்.

கொக்கு ஓய்வு பெறுவதை அறிவிக்கக் கால்பந்துச் சங்கத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நிருபர் ஒருவர், உங்கள் அண்ணி சொல்லாமல் இருந்திருந்தால் நாம் உலகக் கோப்பைக்குப் போயிருப்போம் இல்லையா என்று கேட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த கொக்கு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் ஆடியிருந்தா ஜெயிச்சிருக்கலாம். ஆனா ஜெயிச்சது எனக்கு ஞாபகம் இருந்திருக்காது. எங்க அண்ணி சொன்னது சரி. அவங்ககிட்ட இனிமே இதைக் கேக்காதீங்க."

உடம்பு முழுசாகச் சரியாகவில்லை. மாதத்தில் சில நாட்கள் இருட்டறையில்தான் கழியும். தான் போட்ட சில கோல்கள் அவளுக்கு இன்றும் ஞாபகத்தில் இல்லை. பதிவுகளைப் போட்டுப் பார்த்து, யாரோ ஒருத்தியை விமர்சிப்பது போல, இவள் ஒரு நொடி முன்னாலேயே எழும்பிவிட்டாள் என்பாள். வானொலியில் வர்ணனை செய்யக் கூப்பிட்டார்கள். கண் கூசும் விளக்குகள் இல்லாத வேலை என்று ஒத்துக்கொண்டாள். பந்து போகும் இடத்தை அது போவதற்கு முன்பே சொன்னதால் கேட்பவர்களுக்குப் பிடித்துப்போனது.

அடுத்த தகுதிச் சுற்றில் அண்ணியின் அணி ஜெயித்து உலகக் கோப்பைக்குப் போனது. போன இடத்தில் மூன்று ஆட்டத்திலும் தோற்றது. மூன்றையும் கொக்கு வானொலியில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். திரும்பி வந்த அணியை வரவேற்க விமான நிலையத்துக்கு அண்ணனோடு அவளும் போயிருந்தாள். அண்ணி தள்ளுவண்டியை நிறுத்தியதும் முதலில் கேட்டது இதைத்தான்.

"ரெண்டாவது மேட்ச்ல விழுந்த கோல் என் தப்புன்னு சொன்னியாமே?"

"உங்க தப்புதான் அண்ணி. ஒரு அடி முன்னால வந்திருக்கணும்."

முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரி மறைத்துவிட்டாள் என்றாள் அண்ணி. மறைத்தால் கத்தி நகரச் சொல்ல வேண்டியதுதானே என்றாள் கொக்கு. வழியெல்லாம் அதே பேச்சு. கார் வீட்டு வாசலில் வந்து நின்று, அண்ணன் பெட்டிகளை இறக்கி உள்ளே வைத்த பிறகும் இருவரும் பின் சீட்டை விட்டு இறங்கவில்லை. அந்தத் தடுப்பாட்டக்காரி எங்கே நின்றிருக்க வேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை.