முன்பக்கத் தோள்

அப்பாவின் தாடையைக் கட்டுவதற்காகத் துணி கிழித்துக்கொண்டிருந்தாள் தீர்த்தமாயா. பழைய புடவைக் கரை, லேசில் கிழியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். வெளியே சந்தில், ராஜாவை நாட்டைவிட்டு ஓடச் சொல்லிக் கத்திக்கொண்டு ஒரு கூட்டம் கோயில் மேட்டுப் பக்கம் போனது. இரண்டு வாரமாகக் கத்தியதில் ஊரில் யாருக்கும் குரல் என்று ஒன்று மிச்சமில்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் படுக்கையிலிருந்தே பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார், மூச்சு கிடைத்தால்.

அவள் அப்பா ஹேராகாஜி முப்பது வருஷம் தலைநகர் அரண்மனையில் தோட்டக்காரராக இருந்தவர். தினமும் கீர்த்திபூர் மலையிலிருந்து சைக்கிளில் இறங்கிப் போய் ராஜாவின் புல்லை வெட்டிவிட்டு, சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலையேறி வருவார். எங்கள் கீர்த்திபூர்க்காரர்களுக்கு இந்த ராஜவம்சத்தை என்றைக்குமே ஆகாது. ஊரைப் பிடித்தபோது எங்கள் முன்னோர்களின் மூக்கை அறுத்தவர்கள் அவர்கள். "மூக்கறுத்தவன் வீட்டுக்குப் போய்ப் புல்லு வெட்டுறியே, வெக்கமா இல்ல?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "என் மூக்கு நல்லாத்தான் இருக்கு. அங்க போனா ரோஜா வாசனை வருது. இங்கதான் ஒண்ணும் வரல" என்பார் அவர்.

கதவில் நிழல் விழுந்தது. ஹர்ஷமான் நின்றிருந்தான். கையில் சுருட்டிய கயிறு. பக்கத்துச் சந்துக்காரன், அவளைவிட ஐந்தாறு வயது சின்னவன், சாவுக்குத் தோள் கொடுக்கும் பாடைச் சங்கத்தில் இவர்கள் வீட்டோடு சேர்ந்தவன்.

"அக்கா, சிலிண்டர் எங்க? சொன்ன மாதிரி வந்துட்டேன். தோள்லயே கட்டித் தூக்கிட்டுப் போய்…"

அதற்குள் தரையில் கிடந்தவரைப் பார்த்துவிட்டான்.

முந்தின நாள் ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தியிருந்தார்கள். காலியான ஆக்ஸிஜன் சிலிண்டரை நிரப்பி வர, ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு பக்கத்து நகரமான லலித்பூருக்குக் கிளம்பியிருந்தாள் தீர்த்தமாயா. மலையடிவாரத்தில் டயர் எரிந்துகொண்டிருந்தது. குறுக்கே மூங்கில் கட்டி வழிமறித்து நின்ற போராட்டக்காரர்களில் இந்த ஹர்ஷமானும் ஒருவன். கெஞ்சினாள். "ஆம்புலன்ஸ்னா விடலாம்கா. இது டெம்போ. ஒண்ண விட்டா பின்னாடியே நூறு வரும். அப்புறம் பந்த் எதுக்கு? ஒரு ராத்திரிதானே, மாமா தாங்குவாரு. காலைல நானே வந்து தூக்கிட்டுப் போறேன்" என்றான். மற்றவர்கள் வேறு ஊர்க்காரர்கள்; அவர்களும் தலையாட்டினார்கள். டெம்போக்காரர் வண்டியைத் திருப்பினார்.

அப்பா தாங்கவில்லை. விடியும்போது, கரையில் போட்ட மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினார். பிறகு திறந்தபடியே விட்டுவிட்டார்.

ஹர்ஷமான் கயிற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அவள் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டுமே. பல நாளாகத் தூக்கமில்லாமல் தலை கனத்துக் கிடந்தது. "அந்தப் பக்கம் பிடி, முடிச்சுப் போடணும்" என்றாள். அவன் குனிந்து அப்பாவின் தாடையைத் தாங்கிக்கொண்டான்.

அப்போதுதான் தம்பி சூர்யலால் ஓடிவந்தான். நெற்றியில் கட்டிய துணியோடு, சட்டையெல்லாம் கரியோடு. ராஜா விஷயமாகச் சண்டை போட்டு அப்பாவோடு ஆறு மாதமாகப் பேச்சில்லை. "உன் ஜனநாயகம் வந்து புல்லு வெட்டுமாடா?" என்று அவர் கேட்டதும், இவன் சுவரிலிருந்த ராஜா படத்தைத் திருப்பி மாட்டியதும் ஒரே நாளில் நடந்தவை. இப்போது அப்பாவின் காலடியில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தான். நிமிர்ந்ததும் கேட்டான்.

"நேத்து சிலிண்டர் எடுத்துட்டுப் போனியேக்கா? நெரப்பலயா?"

"போனேன். வழியில நிறுத்திட்டாங்க."

"யாரு, ராணுவமா?"

தீர்த்தமாயா ஹர்ஷமானைப் பார்த்தாள். அவன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தாடையிலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை. அவன் சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று அவன் பயந்திருப்பான். இரண்டு பேரும் பேசாமல் இருந்ததைத் தம்பி தனக்குத் தோன்றியபடி எடுத்துக்கொண்டான்.

"பாவிங்க!" என்று எழுந்து சந்துக்கு ஓடினான்.

அவ்வளவுதான். ராஜாவின் ராணுவம் ஆக்ஸிஜனைத் தடுத்து ஒரு கிழவரைக் கொன்றுவிட்டது என்று அடுப்பில் அரிசி வேகும் நேரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நேற்றுவரை அவரை அரண்மனை எடுபிடி என்றவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு கொடியைக் கொண்டுவந்து, பிணத்தின் மேல் யாருடையதைப் போர்த்துவது என்று வாசலிலேயே சண்டை பிடித்தார்கள்.

பாடைச் சங்கத்து மூத்தவர் ஞானகாஜி கைத்தடியோடு வந்து நடுவில் நின்றார். எங்கள் ஊரில் சாவு விழுந்தால் சங்கத்து வீடு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஆண் வந்து தோள் கொடுக்க வேண்டும். கல்யாணமோ காய்ச்சலோ காரணமாகாது. சண்டைக்காரன் பிணமானாலும் தூக்கியே ஆக வேண்டும்.

"கொடிய வேணும்னா கையில பிடிச்சிக்கிட்டு ஆட்டுங்கப்பா. மேல சங்கத்துத் துணிதான். அதை மாத்த உங்க ரெண்டு கட்சிக்கும் அதிகாரம் கிடையாது."

"பெரியப்பா, அவருக்கு ராஜான்னா உசுரு. இவங்க கோஷம் போட்டுத் தூக்கிட்டுப் போனா அவர் மனசு…" என்றாள் தீர்த்தமாயா.

"தெரியாதாம்மா? ராஜாவுக்காக என் பல்லையே ஒரு நாள் ஒடைக்க வந்தான். ஆனா நெலமையப் பாரு. பாலத்துல ராணுவம் நிக்குது. தூக்கறதுக்கு நாலு பேரு, கொள்ளி வைக்க ஒருத்தன், அதுக்கு மேல ஒரு ஈ வந்தாலும் சுடுவோம்ன்றான் அந்தக் கேப்டன். நாலு பேர் தோள்ல ஆத்துவரைக்கும் போக முடியுமா? வழியில மாத்தித் தூக்க ஆள் வேணாமா? இவ்வளவு கூட்டம் பின்னால வந்தாதான் உங்கப்பன் இன்னைக்கு எரிவான். இல்லாட்டி இங்கயே கெடந்து நாறுவான். நீயே சொல்லு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஈக்கள் வந்துவிட்டன.

இருந்தும், பாடை கட்டும்போது தம்பியைத் தனியாக இழுத்தாள். "சூர்யா, நேத்து நடந்தது ஒண்ணு உன்கிட்ட சொல்லணும்."

அவன் குரல் முற்றிலும் போயிருந்தது. காற்றுதான் வந்தது. "அக்கா, ஆறு மாசமா அவரோட ஒரு வார்த்தை பேசல நான். ஒரு வாய் தண்ணி குடுக்கல. இன்னைக்கு இவ்வளவு ஜனம் அவருக்காக வந்திருக்கு பாரு. இதையாவது நான் செஞ்சேன்னு இருக்கட்டுமே." சொல்லிவிட்டு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

அவளுக்கும் அழுகை வந்தது. அப்பாவுக்காகவா, வாய்வரை வந்ததை விழுங்கியதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. "சரி, போ. மூங்கிலப் பிடி" என்றாள்.

முன்பக்கத்து வலது மூங்கிலுக்கு ஹர்ஷமான் யாரும் கூப்பிடாமலே வந்து தோள் கொடுத்தான். மற்ற மூவரும் அடிக்கடி ஆள் மாறினார்கள். அவன் மாறவில்லை. "தியாகி ஹேராகாஜி வாழ்க!" என்று கூட்டம் கத்தியபோது எல்லோரையும்விட உரக்கக் கத்தியவனும் அவன்தான். அவன் தொண்டை நரம்பு புடைத்து நின்றதைப் பின்னால் வந்த அவள் பார்த்தாள். அப்பாவுக்கு இது கேட்டால் பாடையிலிருந்து இறங்கி நடந்தே போய்விடுவார் என்று நினைத்தாள். சிரிப்பு வரவில்லை.

முச்சந்திவரைதான் பெண்கள். அங்கே செத்தவரின் துணிமணிகளைப் போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அப்பாவின் பாயையும் கம்பளிச் சட்டையையும் போட்டுவிட்டு, மற்றப் பெண்களோடு மேட்டில் ஏறி நின்று பார்த்தாள்.

பாடை சரிவில் இறங்கியது. ஒவ்வொரு சந்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். பாலத்துக்கு வந்தபோது கூட்டத்தின் வால் இன்னும் மலைமேல் இருந்தது. சத்தம் நின்றது. பச்சைச் சட்டைக்காரர்கள் துப்பாக்கியைத் தூக்குவது இங்கிருந்தே தெரிந்தது. பாடை நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் தீர்த்தமாயாவின் கையை நகம் பதியப் பிடித்தாள். பிறகு துப்பாக்கிகள் தாழ்ந்தன. சிப்பாய்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். பிணத்துக்கு வழிவிட்டார்களா, ஜனத்துக்கா என்று யார் கண்டது?

பாலத்தைத் தாண்டியதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. சங்கத்துக்காரர்கள் பாடையோடு ஆற்றங்கரைக்கு இறங்கினார்கள். மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் கொடிகளோடு நேராகச் சுற்றுச் சாலைக்குப் போனார்கள். இரண்டு வாரமாகக் கல்லெறிந்தும் கடக்க முடியாமலிருந்த பாலம் அது. அன்று அந்த வழியாகப் போன கூட்டம் தலைநகரின் மற்றக் கூட்டங்களோடு கலந்தது. அரண்மனையைவிட்டு ராஜா வெளியேற அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் ஆனது. ஆனால் எங்கள் ஊரில் கேட்டால், ஹேராகாஜியின் பாடை பாலத்தைத் தாண்டிய அன்றே ராஜாவின் கதை முடிந்தது என்பார்கள்.

சாயங்காலம் சங்கத்துக்காரர்கள் ஆற்றில் முழுகி, ஈரத்தோடு திரும்பினார்கள். தீர்த்தமாயா வாசலில் ஓட்டுச் சட்டியில் கனலோடு உட்கார்ந்திருந்தாள். தூக்கிவிட்டு வருகிறவர்கள் கடுகு போட்ட புகையில் கை காட்டிவிட்டுத்தான் அவரவர் வீட்டுக்குப் போகலாம். ஒவ்வொருவராக வந்து கை காட்டினார்கள். எதிர்வீட்டு ரேடியோவில், மக்களின் அதிகாரத்தை மக்களிடமே திருப்பித் தருவதாக ராஜா அறிவித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். "எடுக்கும்போது கேட்டா எடுத்தாரு?" என்று யாரோ சொல்ல, மாடியில் சிரித்தார்கள். சூர்யலால் கை காட்டிவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் உள்ளே போய்த் தரையில் படுத்துக்கொண்டான்.

ஹர்ஷமான் மட்டும் சந்தின் மறுபக்கச் சுவரில் சாய்ந்து நின்றான். சட்டை தோளில் கிழிந்து, உள்ளே தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"வந்து கை காட்டு, ஹர்ஷா. உன் வீட்டுல பாத்துக்கிட்டு இருப்பாங்க."

அவன் வந்து எதிரே குந்தினான். கையை நீட்டவில்லை.

"சூர்யாகிட்ட நான் சொல்லிடறேன்கா."

"இன்னைக்கு வேணாம். அவன் தூங்கட்டும்."

"காலைல நீயே சொல்லியிருக்கலாமே. ஊரே சேர்ந்து என்னை அடிச்சிருக்கும். நல்லா இருந்திருக்கும். ஏன்கா சொல்லல?"

"அப்பாவைத் தூக்க ஆள் வேண்டியிருந்துச்சு" என்றாள் தீர்த்தமாயா.

அவன் தலை குனிந்தது. பிறகு இரண்டு கைகளையும் சட்டிக்கு மேலே நீட்டினான். சட்டியில் புகை இல்லை. கனல் சாம்பல் பூத்துவிட்டிருந்தது. இன்னும் ஒரு சிட்டிகைக் கடுகை அள்ளிப் போட்டாள். குனிந்து, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, அவன் கைகளுக்குக் கீழே ஊதினாள்.