மேலுரம் போட்ட நாள்

ஐப்பசிக் கடைசியில் விடாமல் பெய்த மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நின்றது. மறுநாள் காலை வேலைக்கு வந்த முத்தம்மா துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் மஹதியின் அறைக்குப் போய் நின்றாள்.

"பாப்பா, உன் போன்ல மழ பாப்பியே. எங்க ஊர் பக்கம் நாளைக்கி இன்னா சொல்லுதுன்னு கொஞ்சம் பாரேன்."

திருவான்மியூரில் வடக்கு மாட வீதிக்குப் பின்னால் இருக்கிற அந்த ஃப்ளாட்டில் முத்தம்மா பல வருஷமாக வேலை செய்கிறாள். வீட்டுக்காரி விஜயலக்ஷ்மி ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர். மகள் மஹதி தி.நகரில் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறாள், பாதி நாள் வீட்டிலிருந்தே. முத்தம்மா பெரும்பாக்கத்தில் தன் மகள் நிலாவோடு தங்கியிருந்தாள். நிலாவைக் கட்டிக்கொடுத்த குடும்பம் கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்தது. குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். முத்தம்மாவின் புருஷன் அம்மாசி மட்டும் திருப்போரூருக்கு அப்பால் ஊரிலேயே இருந்தான். ஏரிக்குக் கீழே குத்தகைக்கு எடுத்த கழனியில் சம்பா நட்டிருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டுத் திங்கட்கிழமை விடியலில் திரும்புவது முத்தம்மாவின் வழக்கம். அந்த வாரம் மழையால் போக முடியவில்லை.

மஹதி போனைத் தேய்த்துப் பார்த்தாள். "நாளைக்கு மழை இல்லைன்னுதான் போட்டிருக்கு. வியாழக்கிழமையிலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கறது. கடல்ல இன்னொண்ணு உருவாயிண்டிருக்காம்."

"நாளைக்கி சுத்தமா இல்லியா?"

"இல்லைன்னே வெச்சுக்கலாம். என்ன, ஊருக்குப் போகணுமா?"

"இல்ல பாப்பா. பயிருக்கு யூரியா போடணும்."

பயிர் நட்டு மூன்று வாரம் தாண்டியிருந்தது. முதல் மேலுரம் விழவேண்டிய சமயம். தண்ணீர் நிற்கிற கழனியில் போட்டால் உரம் தண்ணீரோடு வரப்பு தாண்டிப் போய்விடும். வடியட்டும் என்று காத்தால் இலை வெளுக்கும், பயிர் கிளைத்துத் தூர் கட்டாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாசி அவசரப்பட்டுப் போட்டு, அன்று ராத்திரி கொட்டிய மழையில் அத்தனையும் அடித்துக்கொண்டு போயிற்று. ஏரி மீனுக்குத் தீனி போட்டவன் என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். அதிலிருந்து அவன் எதற்கும் ஒரு நாள் பொறுத்துத்தான் செய்வான்.

முத்தம்மா பாத்திரங்களைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு, சமையலறையிலிருந்தே அவனைக் கூப்பிட்டாள்.

"தண்ணி வடிஞ்சிச்சா?"

"மடைய தொறந்து வுட்டுகீறேன். வடிஞ்சிக்கினுதான் கீது," என்றான் அம்மாசி. "காலு வெச்சா ரொம்ப எறங்குது. புதன்கெழம போட்லாம்னு பாக்கறேன்."

"வியாயன் மழ வருதாம். பாப்பா பாத்து சொல்லிச்சி. புதன்கெழம போட்டா மண்ணுல எப்போ ஊறும்? நாளைக்கே போட்டுடு."

"ஒரு நாள் காய்ட்டுமே, முத்து."

"காய்ட்டும் காய்ட்டும்னுதான் போன வருசம் பயிர மஞ்சளா வுட்ட. நான் சொல்றத ஒரு தபா கேளு."

போனில் அவனுக்குப் பின்னால் யாருடைய வண்டியோ போகிற சத்தம் கேட்டது.

"சரி, போட்டுடறேன்," என்றான். "காலீல வேணாம். இல ஈரமா இருந்தா யூரியா உப்பு ஒட்டிக்கினு கருகிப்பூடும். வெயில் ஏறினதுக்கு அப்பால போடறேன்."

செவ்வாய்க்கிழமை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நான்கு நாள் ஈரத் துணியை முத்தம்மா மொட்டை மாடியில் பிழிந்து போட்டாள். மதியத்துக்குள் எல்லாம் காய்ந்து மொடமொடவென்று ஆயின. மடித்து எடுத்துக்கொண்டு வரும்போது விஜயலக்ஷ்மி, "உன் ஆம்படையானுக்கும் அங்க இப்படித்தான் வெயில் அடிச்சிண்டிருக்கும்," என்றாள். முத்தம்மாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வேலை முடித்து திருவான்மியூர் பஸ் நிலையத்தில் பெரும்பாக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது தெற்கே தூரத்தில் மேகம் கறுத்திருந்தது. இங்கே வெயில். பூக்காரி ஒருத்தி சாக்கை விரித்து மழைக்கு அஞ்சாமல் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் போன் வந்தது. அம்மாசியின் தம்பி மதிவாணன்.

"அண்ணி, நீ கெளம்பி வா."

"இன்னா ஆச்சி?"

"அண்ணன் கழனில வியுந்துட்டாரு."

"பாம்பா?"

"இல்ல அண்ணி," என்றான். போனை வேறு யாரோ வாங்கி, "இடி வியுந்துச்சிமா," என்றார்கள்.

ஊரில் அன்றைக்கு மழையே பெய்யவில்லை. ஒரு தூறல்கூட இல்லை. மேகம் வந்தது, இரண்டு தரம் உறுமியது, ஒரு தரம் இறங்கியது, கலைந்து போயிற்று. மேட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அம்மாசி இடுப்பில் அன்னக்கூடையை அணைத்துக்கொண்டு கழனியின் நடுவில் உரம் வீசிக்கொண்டே வந்துகொண்டிருந்தானாம். மற்றவர்கள் மரத்தடியிலிருந்து கத்திக் கூப்பிட்டார்கள். கையைத் தூக்கி, இதோ முடித்துவிடுகிறேன் என்பதுபோல் காட்டினானாம்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு மறுநாள்தான் வந்தது. அதை எடுத்து அடக்கம் செய்து முடிப்பதற்கும் வியாழக்கிழமை மழை பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. முத்தம்மா அழவில்லை. நிலாதான் அழுதாள். அப்பா கால்மாட்டில் உட்கார்ந்து, "அன்னிக்கின்னு பாத்து ஏன்ப்பா எறங்கின, அன்னிக்கின்னு பாத்து ஏன் எறங்கின," என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பக்கத்தில் இருந்த முத்தம்மா வாயைத் திறந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

கருமாதி அன்று காலையில் அவள் கழனிப் பக்கம் போனாள். வரப்பில் நின்று பார்த்தாள். கிழக்கே பாதிப் பயிர் கரும்பச்சையாகத் தூர் விட்டு நின்றது. மேற்கே பாதி வெளுத்துக் கிடந்தது. அவன் எதுவரை நடந்தான் என்பதைப் பயிரே காட்டியது. மீதியைப் போட யாருக்கும் கை வரவில்லை, மழையும் விடவில்லை. சுற்றிலும் புதன்கிழமை போட்டவர்கள் கழனியெல்லாம் மஞ்சள் அடித்திருந்தது.

மதிவாணன் பின்னாலேயே வந்தான். "அண்ணன் போட்ட வரைக்கும் ஒரு குருணைகூட வீணாவல அண்ணி. சரியான நாள் பாத்துதான் போட்டுகீறாரு," என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். முத்தம்மா திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஒரு மாதம் ஆவதற்குள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். பெரும்பாக்கத்து வீட்டில் நிலாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பகல் முழுக்க இருக்க முடியவில்லை. விஜயலக்ஷ்மி அவளை உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தாள். "இன்னும் கொஞ்ச நாள் ஆத்துல இருந்துட்டு வந்திருக்கலாமே," என்றாள். முத்தம்மா குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தாள்.

மஹதி அறையைவிட்டு வரவில்லை. முத்தம்மா பாத்திரம் தேய்க்கும்போதுதான் வந்து, சமையலறை வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நான்தானே முத்தம்மா சொன்னேன். மழை இல்லைன்னு. இடி மின்னலெல்லாம் அதுல தனியாப் பாக்கணும், நான் பாக்கலை. சும்மா ஒரு தரம் பாத்துட்டு..."

"மழ இல்லன்னு சொன்ன. மழ வரல," என்றாள் முத்தம்மா. "நீ சொன்னதுல தப்பு இன்னா கீது பாப்பா?"

"என்னால தூங்க முடியலை."

"உன்மேல ஒண்ணும் இல்ல. நீ போய் வேலைய பாரு."

மஹதி அழுதுகொண்டு நின்றாள். முத்தம்மாவின் இரண்டு கையிலும் சோப்பு நுரை. கழுவிவிட்டு அவளைத் தொடலாமா என்று நினைத்தாள். தொடவில்லை. நாளைக்கே போடுன்னு சொன்னது நான், அந்த மனுசன் ஒரு நாள் கேட்டாரு, நான் தரல. அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் பாரம் பாதி குறைந்திருக்கும். குழாயைத் திறந்து குக்கரை அலம்ப ஆரம்பித்தாள்.

கார்த்திகையில் இரண்டாவது மேலுரத்துக்கு நேரம் வந்தது. கதிர் உருவாகிற சமயம், தவறினால் மணி பிடிக்காது. மதிவாணன் தினமும் போன் செய்தான்.

"கழனி பதமா கீது அண்ணி. வானமும் நல்லா கீது. ஆள் வெச்சி போட்டுடவா?"

"இரு, பாக்கலாம்."

"இன்னா பாக்கறது? இதவுட நல்ல நாள் வராது."

"பாக்கலாம்னு சொல்றேன்ல."

மேகமே இல்லாத வானத்தைப் பார்த்தால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் இருந்தது. போடு என்று ஒரு வார்த்தை சொன்னால் யாரோ ஒருத்தன் அன்னக்கூடையோடு இறங்குவான். அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். மஹதியிடம் மழை கேட்கவும் மனசு வரவில்லை. அந்தப் பெண் போனைக் கையில் எடுத்தாலே முத்தம்மா வேறு அறைக்குப் போய்விடுவாள். நல்ல நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. மதிவாணன் போன் செய்வதை நிறுத்திவிட்டான்.

ஒரு சனிக்கிழமை காலையிலேயே அவள் ஊருக்குப் போனாள். வானம் அடைத்துக் கிடந்தது. காற்றில் ஈரம். வீட்டுக்குள் மூலையில் கிடந்த மூட்டையைத் தானே பிரித்து, அன்னக்கூடையில் கொட்டிக்கொண்டு கிளம்பினாள். மதிவாணன் வழி மறித்தான்.

"இன்னிக்கி எவனாவது போடுவானா அண்ணி? பாரு மேல. இன்னும் ஒரு மணி நேரத்துல கொட்டப்போவுது."

"மீதி மூட்டய வரப்புல கொணாந்து வெச்சிட்டு நீ தூரப் போய் நில்லு. உள்ள எறங்காத."

"நான் போடறேன், நீ வா."

"எறங்காதன்னு சொன்னேன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். சேறு காலைப் பிடித்து இழுத்தது. அவள் முன்பு களை பறித்திருக்கிறாள், நடவு நட்டிருக்கிறாள். உரம் வீசியதில்லை. அது அம்மாசியின் வேலை. முதலில் கை தப்பிக் குவியலாக விழுந்தது. போகப் போகச் சரியாக விழுந்தது. அவள் ஒரு தடவைகூட மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் விழுந்த இடத்தைத் தாண்டும்போதும் நிற்கவில்லை. அந்தக் கோடி வரப்பு வரை போய், திரும்பி, கூடை காலியாகும்வரை வீசினாள்.

கரையேறியபோது மழை பிடித்தது. இடி இல்லை, மின்னல் இல்லை, நேராகக் கொட்டுகிற மழை. மதிவாணன் அவளை மோட்டார் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கிருந்து பார்க்கப் பார்க்கக் கழனியில் தண்ணீர் ஏறியது, வரப்பைத் தாண்டி வழிந்தது.

"அத்தினியும் போச்சி அண்ணி," என்றான் அவன்.

"போவட்டும்."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. கொட்டகைத் தரையில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்து, சத்தம் போட்டு அழுதாள். மதிவாணன் வெளியே போய் மழையில் நின்றுகொண்டான்.

ராத்திரி தங்காமல் அன்றே பஸ் பிடித்துப் பெரும்பாக்கம் வந்து சேர்ந்தாள். நிலா கதவைத் திறந்து, நனைந்து நிற்கிறவளைப் பார்த்துத் துண்டை எடுத்து வந்தாள்.

"உங்கப்பா புதன்கெழம போடறேன்னுதான் சொன்னாரு," என்றாள் முத்தம்மா, வாசலில் நின்றபடியே. "நான்தான் நாளைக்கே போடுன்னேன். ஒரு நாள் காய்ட்டுமேன்னாரு. நான் கேக்கல."

நிலா துண்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு துண்டை அவள் தோளில் போட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு போட்டுக் கொடுத்தாள். அந்த வாரம் முழுக்க வேண்டியதற்கு மேல் பேசவில்லை. முத்தம்மாவும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மட்டும், "டிபன் பாக்ஸ எட்துக்கினியா?" என்றாள் நிலா. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை திருவான்மியூரில் மஹதியிடமும் சொன்னாள். மஹதி கேட்டுவிட்டு, "இத்தனை நாளா ஏன் சொல்லலை?" என்றாள். முத்தம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். பிறகு மஹதியே, "நீங்களும் தூங்கறதில்லையா?" என்று கேட்டாள்.

"எங்க பாப்பா," என்றாள் முத்தம்மா.

பொங்கல் கழிந்து அறுப்பு. விளைச்சல் கம்மி. பதரே நிறைய. அடுத்த வருஷத்துக்குக் கழனி வேண்டாம் என்று முத்தம்மா நிலத்துக்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அறுப்பு அன்று நிலாவும் வந்திருந்தாள். அப்பா போனதிலிருந்து அவள் அந்தக் கழனிப் பக்கம் வந்ததில்லை. அறுப்பு வண்டி ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவை நெருங்கும்போது அவள் அம்மாவிடம் கேட்டாள்.

"எந்த எடம்?"

முத்தம்மா கையை நீட்டிக் காட்டினாள். நிலா கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள். செருப்பை வரப்பில் விட்டுவிட்டுப் பயிருக்குள் இறங்கினாள். முத்தம்மாவும் இறங்கினாள். மண் காய்ந்து வெடித்திருந்தது, கால் எங்கேயும் புதையவில்லை. இரண்டு பேரும் அந்த இடத்தில் போய் நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்லவில்லை. வண்டிக்காரன் என்ஜினை அணைத்துவிட்டு, இறங்கி, அவர்கள் வரும்வரை தள்ளி நின்றான்.